மதுரை ஜங்ஷனில் நீ சொன்ன பொய்

இன்று காலை கல்லூரியில் நம் துறைக்குள் நுழைந்தபோது என் மேசைமேல் ஒரு கம்பி மத்தாப்புப் பெட்டி இருந்தது. இரண்டாம் ஆண்டுப் பெண் ஒருத்தி கதவோரம் நின்றுகொண்டு, "அம்மா குடுத்துவிட்டாக மேடம், வேண்டாம்னு சொல்லிராதீக" என்று சொல்லிவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் ஓடிவிட்டாள். பெட்டியைப் பிரிக்காமலே வெடிமருந்து வாசனை வந்தது. சிவகாசியில் பிறந்து, பட்டாசு ஆலைக்குப் போய்வந்த அம்மாவின் சேலைக்குள் தூங்கி வளர்ந்தவள் நான். இந்த வாசனை எனக்குத் தனியாகத் தெரிந்ததே இல்லை. உனக்குத்தான் தெரியும். விருதுநகரில் மல்லி மூட்டைக்கும் வத்தல் மூட்டைக்கும் நடுவில் வளர்ந்த உன் மூக்கு எந்த நெடியையும் தாங்கும். மருந்து வாசனைக்கு மட்டும் அடுக்குத் தும்மல் போடும். "உங்க ஊர்க்காரிக மாடிப்படி ஏறும்போதே எனக்குத் தெரிஞ்சிரும்" என்பாய். இன்று தும்முவதற்கு ஆள் இல்லை. அதனால்தானோ என்னவோ, எனக்கே வாசனை தெரிந்தது.

நீ இல்லாத இரண்டாவது தீபாவளி இது. உன்னிடம் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று என்னிடம் வெகுநாளாகக் கிடக்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நடந்ததை முதலிலிருந்து வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு மனது ஆறும். உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்வேன். வழக்கம்போல "தெரியும், மேல சொல்லு" என்று கையை ஆட்டிக்கொள்.

நம் துறையின் பெயரை முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் கேட்பவருக்குக் கொட்டாவி வந்துவிடும். அரசியல் மற்றும் தத்துவத் துறை. நான் அரசியல், நீ தத்துவம். நம்மிடம் யாரும் ஆசைப்பட்டு வந்து சேர்ந்ததில்லை. வணிகவியலில் இடம் முடிந்துவிட்டது, கணினியில் மதிப்பெண் போதவில்லை, அப்புறம்தான் நம் வாசல். பிள்ளையைச் சேர்க்க வரும் அப்பாக்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: "இதப் படிச்சா என்ன வேலைங்க கெடைக்கும்?" நான் முந்திக்கொண்டு, வக்கீலுக்குப் படிக்கலாம், குரூப் தேர்வு எழுதலாம், ஐ.ஏ.எஸ். ஆகலாம் என்று வரிசையாக அடுக்குவேன். நீ எதிரே உட்கார்ந்து சிரிப்பாய். "ஆகலாம், ஆகாமலும் போகலாம். ஆனா யாராவது கேள்வி கேட்டா முழிக்காம நிப்பா" என்பாய். அந்த அப்பாக்கள் உன்னை நம்பாமல் என்னைத்தான் நம்பிக் கையெழுத்துப் போட்டார்கள். அதைச் சொல்லி உன்னை எத்தனை முறை சீண்டியிருக்கிறேன்.

மாதாமாதம் எல்லாத் துறைகளும் மாணவர் சாதனைகளை எழுதி நிர்வாகத்துக்கு அனுப்ப வேண்டும். மற்ற துறைகளிலிருந்து கம்பெனி வேலை, காப்புரிமை என்று பக்கம் பக்கமாகப் போகும். நம் துறையிலிருந்து போவதை நான்தான் எழுதுவேன். காரியாபட்டிப் பெண் ஒருத்தி கபடியில் மண்டல அணிக்குத் தேர்வு. ஆலங்குளத்துப் பையன் குரூப் நாலில் தேறினான். அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லாமல் பேனாவைக் கடித்துக்கொண்டிருப்பேன். "ரெண்டும் நம்ம பாடத்துல வந்த சாதனை இல்லயே" என்பாய் நீ, தேநீரை ஆற்றிக்கொண்டே. எரிச்சலாக இருக்கும். உண்மைதான் என்பதால் இன்னும் எரிச்சலாக இருக்கும். சேர்க்கை குறைந்துகொண்டே வந்தது, துறையை மூடிவிடலாமா என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டேவிட்டார், நீயோ தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தாய்.

புதன்கிழமை மத்தியானம் உன் வகுப்பு. ஒரு கேள்வியைப் போடுவாய். தனக்குச் சரி என்று படுவதற்கு நேர் எதிராக ஒவ்வொருவரும் முதலில் பேச வேண்டும். பேசி முடித்த பிறகுதான் தன் சொந்தக் கருத்தைச் சொல்லலாம். அப்போது சொல்ல ஒன்றும் மிச்சமிருக்காது, பாதிப் பேர் குழம்பிப் போய் உட்கார்ந்துவிடுவார்கள். உனக்கு அதுதான் வேண்டும். அப்படியொரு புதன்கிழமை, ஒருவரைக் காப்பாற்றப் பொய் சொல்லலாமா என்று கேட்டாய். கடைசி பெஞ்சிலிருந்து முத்துமாரி எழுந்தாள். ஆனைக்குட்டத்துப் பெண். சீசனில் ஞாயிற்றுக்கிழமைகளில் அவளும் அம்மாவோடு ஆலைக்குப் போவாள் என்று நமக்குத் தெரியும். வகுப்பில் அதுவரை அவள் குரலைக் கேட்டதில்லை. அன்று நானும் பின்னால் உட்கார்ந்திருந்தேன், உன் வகுப்பை வேடிக்கை பார்ப்பதற்காக.

பட்டாசு ஆலையில் ஓர் அறைக்குள் நாலு பேருக்கு மேல் உட்காரக்கூடாது என்பது விதி. வெடித்தால் சாவு குறைய வேண்டும் என்பதற்காக வைத்த விதி. சீசன் நேரத்தில் சில ஆலைகளில் அதை யார் பார்த்தார்கள்? சோதனைக்கு ஜீப் வருகிறது என்று தகவல் வந்ததும், அதிகப்படியான பெண்கள் பின்பக்கமாக வெளியேறி வேலிக்கு அந்தப்புறம் கருவேல மரத்தடியில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். ஜீப் போனதும் திரும்பி வந்து வேலையைப் பார்ப்பார்கள். முத்துமாரி அதைத்தான் சொன்னாள். அறையில் இத்தனை பேர்தான் என்று போர்மேன் சொல்வது பொய். ஆனால் அந்தப் பொய் நிற்க வேண்டுமென்றால் மரத்தடியில் யாராவது சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். "அப்ப அவுகளும் பொய் சொல்றாகதான மேடம்? எங்க அம்மா வாயத் தொறக்கல. ஆனா எங்க அம்மா உக்காந்திருக்கு."

வகுப்பு முடிந்ததும் உன்னிடம் சண்டைக்கு வந்தது நான்தான். என் அம்மாவும் அந்த மாதிரி மரத்தடியில் உட்கார்ந்தவள். கூலிக்குப் போனவளைப் போய்ப் பொய்க்காரி என்று ஒரு சின்னப் பெண் சொல்வதா என்று கத்தினேன். நீ அமைதியாக, "அவ உங்க அம்மாவப் பத்திப் பேசலடி. அவ அம்மாவப் பத்திப் பேசுறா. பேசட்டும்" என்றாய். இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நீ எண்ணெய் பரோட்டா பொட்டலத்தோடு வந்து நின்றாய், அதற்கு மேல் எப்படிப் பேசாமல் இருப்பது?

அதையே கட்டுரையாக எழுதச் சொன்னாய். அவள் தமிழில் எழுதினாள். நீயும் அவளும் உட்கார்ந்து ஆங்கிலத்தில் ஆக்கினீர்கள். டில்லியில் மாணவர்களுக்கான தத்துவக் கருத்தரங்கு ஒன்று, தேர்வான கட்டுரைகளை நேரில் வந்து படிக்க வேண்டும். கட்டுரையை நன்றாகப் படிக்கிறவர்களுக்கு அங்கேயே மேற்படிப்புக்கு இடம், உதவித்தொகை. முத்துமாரியின் கட்டுரை தேர்வானது என்று மின்னஞ்சல் வந்தபோது நான் நாற்காலியை விட்டு எழுந்து குதித்தேன். நம் பாடத்தில், நம் வகுப்பில் வந்த முதல் சாதனை. அன்று மாலையே நுழைவாயிலில் பெரிய பிளெக்ஸ் கட்ட ஏற்பாடு செய்தேன். முத்துமாரியின் ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கி, மேலே 'டில்லி செல்லும் எங்கள் மாணவி' என்று போட்டு, கீழே நம் இருவர் படமும். உன் படத்தை எடுக்கச் சொல்லி நீ அடம் பிடித்தாய், நான் கேட்கவில்லை.

நம் கணக்கெல்லாம் சரி, அவள் அம்மா விட வேண்டுமே. தீபாவளிக்கு முந்தைய வாரம், சீசன் உச்சத்தில் இருக்கிறது. பெண்பிள்ளையை டில்லிக்கு அனுப்புவதாவது! இருவரும் ஆனைக்குட்டத்துக்குப் போனோம். ஆலை வண்டியிலிருந்து இறங்கி வந்த அந்த அம்மா கைகால் கழுவிவிட்டு, நமக்குக் குடிக்கக் கலர் வாங்கிவரச் சொல்லி, பிறகு எதிரே தரையில் உட்கார்ந்தார். நீயும் நாற்காலியை விட்டுத் தரையில் உட்கார்ந்தாய்.

"அம்புட்டுத் தூரம் எதுக்குங்க டீச்சர்? இங்கன இல்லாத படிப்பா?"

"இங்கன இருக்கு. ஆனா அங்கன போனா இவ பேசுறத நெறையப் பேரு கேப்பாக."

"என்ன பேசப் போறா?"

நீ முழுவதையும் சொன்னாய், மரத்தடி உட்பட. காரியத்தைக் கெடுத்துவிட்டாயே என்று நினைத்தேன். அந்த அம்மா மகளை நிமிர்ந்து பார்த்தார். "என்னையவா எழுதியிருக்க?" என்றார். முத்துமாரி தலையை ஆட்டினாள். அப்புறம் அவர் உன் பக்கம் திரும்பி, "நீங்க கூடவே போவீகளா?" என்று கேட்டார். "நானேதான் கூட்டிட்டுப் போறேன்" என்றாய். "அப்ப சரி" என்றார். அவ்வளவுதான். திரும்பி வரும் வழியெல்லாம் நான் பெருமூச்சு விட்டுக்கொண்டே வந்தேன்.

மதுரை ஜங்ஷனுக்கு வழியனுப்ப நானும் வந்திருந்தேன். தீபாவளி நெருங்கினால் நம் பக்கத்துப் பைகளை ரயில்வே போலீஸ் விடுமா? ரயிலில் பட்டாசு கொண்டுபோகக் கூடாது என்பது நம் மாவட்டத்தில் கைக்குழந்தைக்கும் தெரியும். இருந்தும் முத்துமாரியின் பையைப் பிரித்தால், அவள் சுடிதார்களுக்கு அடியில், பழைய சேலையில் பத்திரமாகச் சுற்றி, கம்பி மத்தாப்பும் சங்குசக்கரமும் அடுக்கியிருந்தது. முத்துமாரியின் முகம் வெளுத்ததைப் பார்த்ததும் அவளுக்குத் தெரியாது என்று புரிந்துவிட்டது. பெரிய மனிதர்கள் இருக்கும் இடத்துக்கு மகள் வெறுங்கையோடு போகக்கூடாது என்று அந்த அம்மா வைத்திருக்கிறார். சிவகாசிப் பக்கத்திலிருந்து போகிறவர்கள் வேறு எதைக் கொண்டுபோவார்கள்? வெளியூரில் எந்தச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனாலும் முதல் கேள்வி "வெடி கொண்டாந்தியா" என்பதுதானே. ரயில் சட்டம் வேறு, மரியாதை வேறு என்று நினைத்துவிட்டார்.

"யார் பை இது?" என்றார் போலீஸ்காரர்.

"என் பை" என்றாய் நீ.

சொன்ன வேகத்தைப் பார்த்து நான் அசந்துபோனேன். அடுத்த கணமே என் பக்கம் திரும்பி, வாய்க்குள்ளேயே, "அவளைக் கூட்டிட்டு நீ ஏறு, டிக்கெட்டுக்கு டி.டி.ஆர்.கிட்ட பேசிக்க. என்னைய நிறுத்தி வச்சா வச்சுக்கட்டும்" என்றாய். புதன்கிழமை தோறும் பொய்யைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டவள், ஒரு சீருடைக்கு முன்னால் கண்ணை இமைக்காமல் பொய் சொல்லிக்கொண்டிருந்தாள். சந்தோஷமாக இருந்தது எனக்கு. கடைசியில் என் வழிக்கு வந்துவிட்டாயே என்று நினைத்தேன். மாற்றுத்துணி கூட இல்லாமல் டில்லிக்குக் கிளம்பத் தயாராகிவிட்டேன்.

அப்போதுதான் முத்துமாரி பேசினாள். "இல்ல சார். என் பைதான். மேடம் எனக்காகச் சொல்றாக."

போலீஸ்காரர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். "யாராவது ஒருத்தர் முடிவு பண்ணிச் சொல்லுங்கம்மா" என்றார், சிரிப்பை அடக்கிக்கொண்டு. அவருக்கு மேலே இருந்தவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருத்தி வெடி கொண்டுவந்திருக்கிறாள், இன்னொருத்தி பொய் சொல்லியிருக்கிறாள் என்று இருவரையும் உள்ளே உட்காரவைத்தார். எழுதி வாங்கி, எச்சரித்து, பெட்டிகளைப் பறிமுதல் செய்து, அனுப்புவதற்குள் ரயில் போய்விட்டது. கடைசிப் பெட்டி பிளாட்பாரத்தைத் தாண்டிப் போவதை நான் தனியாக நின்று பார்த்தேன்.

வெளியே தேநீர்க் கடையில் நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். "ஏம்மா, வாய மூடிட்டு நின்னிருந்தா இந்நேரம் திண்டுக்கல் தாண்டியிருப்போம். உனக்கு என்ன கேடு வந்துச்சு?"

அவள் அழுதுகொண்டிருந்தாள். அழுகைக்கு நடுவில் சொன்னாள்: "மேடம் பொய் சொல்லி, நான் சும்மா நின்னா, நானும் மரத்தடியில உக்காந்த மாதிரிதான மேடம்."

நீ தேநீர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அவள் தலையைத் தடவினாய். பிறகு என்னைப் பார்த்து, "இத அந்த மாசாந்திர அறிக்கையில எப்படி எழுதுவ?" என்றாய். எனக்கு உன்னை அடிக்க வேண்டும்போல இருந்தது.

டில்லிக்குப் போன் போட்டோம். அடுத்த ரயிலில் வந்தால் கருத்தரங்கு முடிந்திருக்கும். கணினி வழியாகப் படிக்க அனுமதி இல்லை என்றார்கள். அவள் நேரத்தை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். விஷயம் அவ்வளவோடு முடிந்தது. நுழைவாயிலில் பிளெக்ஸ் மட்டும் நின்றது. முத்துமாரி தினமும் தன் முகத்துக்குக் கீழேயே நடந்து வகுப்புக்கு வந்தாள். கேலிக்குக் கேட்கவா வேண்டும்? "என்ன மாரி, டில்லி எப்படி இருக்கு?" என்று வேறு துறைப் பையன்கள் கேட்பார்கள். கழற்றிவிடலாம் என்று நான் சொன்னபோது நீ தடுத்தாய். "போகாமலா இருக்கப் போறா? இருக்கட்டும்" என்றாய். மழையில் நனைந்து, வெயிலில் வெளுத்து, நம் இருவர் முகமும் முதலில் அழிந்தது.

அடுத்த கோடையில் உனக்கு வயிற்று வலி. சாப்பாடு இறங்கவில்லை, ஆள் பாதியாகிவிட்டாய். மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்து, அல்சர் என்று சொன்னாய். நானும் மோர் குடி, காரத்தைக் குறை என்று அறிவுரை சொன்னேன். ஒரு நாள் உன் அண்ணன் என்னை உங்கள் வத்தல் மண்டிக்கு வரச் சொன்னார். கல்யாணம் வேண்டாம் என்று நீ முடிவெடுத்தபோது வீடே எதிர்த்து நிற்க, மாடியில் உனக்குத் தனி அறை கட்டிக்கொடுத்தவர் அவர். மூட்டைகளுக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, தானும் உட்கார்ந்தார்.

"அல்சர் இல்ல டீச்சர். புத்துநோய். பரவிருச்சுன்னுட்டாங்க." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவளுக்குத் தெரிய வேண்டாம். வீட்டுல எல்லாருக்கும் சொல்லி வச்சிட்டேன். டாக்டர்கிட்டயும் கேட்டுக்கிட்டேன். நீங்களும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிறாதீக. நம்பிக்கையிலதான் ஓடிட்டு இருக்கா."

நான் தலையை ஆட்டினேன். அதில் எனக்குத் தப்பு எதுவும் தோன்றவில்லை. நம் ஊரில் எந்த வீட்டில் இப்படிச் செய்யவில்லை? என் அப்பாவுக்கும் நாங்கள் அப்படித்தான் சொன்னோம். வாரக்கணக்கில் உன் அறைக்கு வந்து, அல்சருக்கு ஆன பேச்சையே பேசிவிட்டுப் போனேன். உன் அண்ணன் கஞ்சியை எடுத்து வருவார். "தேவலையே, முகம் தெளிஞ்சிருக்கே" என்பார். எல்லாரும் ஆமாம் என்போம். நீ ஒவ்வொரு முகமாகப் பார்ப்பாய்.

ஒரு மத்தியானம், நானும் நீயும் மட்டும் இருந்தோம். கீழே உன் அண்ணி பாத்திரம் கழுவும் சத்தம். நீ படுத்தபடியே என் கையைப் பிடித்தாய்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். சுத்தி வளைக்காதடி. எனக்கு என்ன?"

அல்சர் என்று சொல்ல வாயெடுத்தேன். சத்தியமாக அந்தச் சொல் நாக்கு நுனி வரை வந்தது. எனக்கு அது கஷ்டமான காரியமே இல்லை, உனக்கே தெரியும், நான் எதையும் ஒப்பேற்றுகிறவள். ஆனால் தேநீர்க் கடையில் முகம் வீங்க அழுதுகொண்டு நின்ற அந்தப் பெண் நினைவுக்கு வந்துவிட்டாள். அதற்கு மேல் முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

"பரவிருச்சா?"

"ம்."

"சரி" என்றாய். தண்ணீர் கேட்டாய். குடித்தாய். பிறகு அழுதாய், நானும் அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அழுது முடித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டு மாசமா எல்லாரும் என் முன்னாடி நாடகம் போடுறீக. பாக்குறதுக்கு எனக்குத்தான் மூச்சு முட்டுச்சு" என்றாய். அப்புறம், "உனக்கு இதச் சொல்றது எம்புட்டுக் கஷ்டமா இருந்திருக்கும்" என்றாய். சாகப்போகிறவள் என்னை அல்லவா தேற்றினாய்.

அதற்கு மறுநாளே முத்துமாரியை வரச்சொன்னாய். ஞாயிறு தோறும் அவள் பஸ் பிடித்து வந்தாள். அதே கருத்தரங்குக்குப் புதுக் கட்டுரை. இந்த முறை பை யாருடையது என்ற கேள்வி. நீ தலையணைகளை அடுக்கிச் சாய்ந்துகொண்டு, அவள் எழுதியதை வரிவரியாகப் படிக்கச் சொல்லிக் கேட்பாய். 'என் ஆசிரியை அன்று செய்தது தவறு' என்று அவள் எழுதிய இடத்தில் தயங்கி நின்றாள். "படி" என்றாய். "அடிச்சிரவா மேடம்?" என்றாள். "அடிச்சேன்னா நான் சும்மா விடமாட்டேன்" என்று சிரித்தாய். வலி வந்தால் கண்ணை மூடிக்கொண்டு கையை மட்டும் ஆட்டுவாய், மேலே படி என்று. கட்டுரையை அனுப்பிய அன்று நீ நிம்மதியாகத் தூங்கியதாக உன் அண்ணி சொன்னார். ஆடி முடிவதற்குள் நீ போய்விட்டாய்.

நான் உண்மையைச் சொன்னதை உன் அண்ணனிடம் நீயே சொல்லிவிட்டிருந்தாய், அவருக்கும் பாரம் குறையட்டும் என்று நினைத்து. அவருக்கு அது அப்படிப் படவில்லை. மாணவர்களைக் கூட்டிக்கொண்டு நான் வந்து நின்ற அன்று, உன்னைக் கொண்டுபோன பிறகு, வாசலில் என்னிடம் வந்தார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். "எங்க வீட்டுப் பொண்ணு மாதிரிதான உங்கள வச்சிருந்தோம் டீச்சர். நீங்க சொல்லாம இருந்திருந்தா இன்னுங் கொஞ்ச நாள் இருந்திருப்பா" என்றார். அவ்வளவு சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

இனி நீ அறியாத செய்தி. கட்டுரை மறுபடியும் தேர்வானது. சென்ற தீபாவளிக்கு முன்னால் முத்துமாரியை நான்தான் டில்லிக்குக் கூட்டிப்போனேன். கிளம்பும் முன் ஆனைக்குட்டத்தில் அவள் அம்மாவே பையைத் தரையில் கவிழ்த்துக் காட்டினார். "இந்தத் தடவ சாத்தூர் சேவு மட்டுந்தான் டீச்சர், நல்லாப் பாத்துக்கங்க" என்றார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். அவர் உன்னைப் பற்றிக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை, ஆனால் இருவரும் உன்னைத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அரங்கத்தில் பாதி நாற்காலி காலி. முத்துமாரியின் ஆங்கிலம் இரண்டு இடத்தில் தடுக்கியது. படித்து முடித்ததும் ஒருவர் எழுந்து, உன் ஆசிரியை இதைப் படித்தாரா, என்ன சொன்னார் என்று கேட்டார். "சிரித்தார்கள்" என்றாள் முத்துமாரி. முதல் இரண்டு பேருக்குத்தான் இடம். அவள் மூன்றாவதாக வந்தாள். திரும்பும் ரயிலில் இருவரும் சேவைக் கொறித்துக்கொண்டே வந்தோம். பிறகு தை மாதத்தில், அவளுக்கு முன்னால் வந்த இருவரில் ஒருவர் வெளிநாடு போகிறார், இடம் காலியாகிறது, உங்கள் மாணவி வருவாரா என்று கேட்டு எழுதினார்கள். இந்த ஆனியில் போய்ச் சேர்ந்துவிட்டாள். ரொட்டி பிடிக்கவில்லையாம், வகுப்பில் எல்லாரும் வேகமாகப் பேசுகிறார்களாம், ஆனால் வாயை மூடிக்கொண்டு இருப்பதில்லையாம். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுகிறாள். நம் துறையை மூடும் பேச்சு இந்த ஆண்டு வரவில்லை. அடுத்த ஆண்டு வரும், அப்போது பார்த்துக்கொள்ளலாம். புதன்கிழமை வகுப்பை இப்போது நான் எடுக்கிறேன். உன் அளவுக்கு வரவில்லை, பிள்ளைகள் குழம்புவதற்குள் நானே பதிலைச் சொல்லிவிடுகிறேன்.

உன் அண்ணன் இன்னும் என்னோடு பேசுவதில்லை. தெப்பக்குளத்துப் பக்கம் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் சொன்னது தப்பு என்று காட்ட என்னிடம் எதுவும் கிடையாது. முத்துமாரி ரயிலை விட்டாள், மறுபடி பிடித்துக்கொண்டாள். உனக்கு அப்படி இன்னொரு ரயில் இல்லை. நான் சொல்லாமல் இருந்திருந்தால் இந்தத் தீபாவளி வரை இருந்திருப்பாயோ என்று துணி துவைக்கும்போது தோன்றும், பஸ்ஸில் போகும்போது தோன்றும். பதில் தெரியாத கேள்வியோடு இருந்து பழகு என்று நீ மாணவர்களுக்குச் சொல்வாய். நான் இன்னும் பழகவில்லை. அந்த மத்தியானம் நீ கேட்டாய், நான் சொன்னேன். மறுபடியும் கேட்டால் மறுபடியும் அதையேதான் சொல்வேன். நீ மறுபடியும் ஒருமுறை கேட்க மாட்டாயா என்றுதான் இருக்கிறது.